கண்டுபிடிப்பதற்காக வைத்த போத்தல்

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் சரக்குக் கொட்டகையில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. யேர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவில் மிஞ்சியிருந்த கடைசிச் சுங்க வரியும் இந்த யூலை முதலாம் திகதியோடு இல்லாமல் போய்விட்டதாம். அதைக் கொண்டாட முதலாளி லோரென்சன் தன் கைக்காசில் கேக் வாங்கிவந்தார். கொட்டகைக் கோப்பித்தூளைக்கூடத் தானே அளந்து கொடுக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் கேக் வாங்கினால் நான் முதலில் கேக்கைப் பார்க்கமாட்டேன், அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

ஒரு துண்டு சாப்பிட்டேன். நல்ல கேக். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் வரி குறைந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே வருகிற கேள்வி, அப்படியானால் எது கூடப்போகிறது என்பதுதான். நாலு வருஷத்துக்கு முன் இதே வரி முதன்முதல் குறையத் தொடங்கியபோது எங்களுடைய ஆள் ஒருவருக்கு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதைத்தான் எழுத நினைக்கிறேன். ஊரில் நீங்கள் இப்போது எலெக்சன் சத்தத்துக்குள் இருப்பீர்கள். சத்தம் ஓய்ந்தபிறகு வாசித்தாலும் போதும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று எனக்கே பட்டது. கொழும்பில் ஒரு கப்பலில் அடுப்படி வேலைக்கு ஏறினேன். பம்பாய், ஏடன், போர்ட் சயீட் என்று சுற்றி ஹம்பேர்க்கில் இறங்கினேன். அங்கே துறைமுகத்தில் மூட்டை, பிறகு கீல் நகரில் உருளைக்கிழங்கு உரிப்பு, பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க மீன் தொழிற்சாலை. அறுபத்துநான்கில் பிளென்ஸ்பேர்க்குக்கு வந்தேன். ஓரிடத்தில் இருக்கமாட்டாத என்னை இந்த ஊர் எப்படிப் பிடித்து வைத்தது என்றால், கரேன் என்ற பெண்ணால். பிளென்ஸ்பேர்க் யேர்மனியின் வடக்கு நுனி. அங்கிருந்து லொறியில் புறப்பட்டால் ஒரு சிகரெட் முடியுமுன் டென்மார்க் எல்லை. இந்தப் பக்கத்திலும் டேனிஷ் பேசுகிற குடும்பங்கள் பல உண்டு. கரேன் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை.

2

எல்லை அந்தக் காலத்தில் எப்படியிருந்தது என்று சொல்லவேண்டும். யேர்மனியும் இன்னும் ஐந்து நாடுகளும் ஒரு சந்தைக் கூட்டம். டென்மார்க்கும் இங்கிலாந்தும் மற்ற ஐந்து நாடுகளும் வேறொரு கூட்டம். ஆறு பேர் ஒரு வேலிக்குள், ஏழு பேர் இன்னொரு வேலிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வேலியும் ஒன்றையொன்று முட்டுகிற இடத்தில்தான் எங்கள் லொறி போய் நிற்கும்.

அப்போது விஷயம் சுலபம். டென்மார்க்கிலிருந்து கதிரை வந்தால் வரி. பிஸ்கட் வந்தால் வரி. எல்லாச் சாமானுக்கும் வரி என்பதால் பொய் சொல்ல ஒருவருக்கும் பெரிய ஆசை இருக்கவில்லை. மத்தீசன் என்று ஒரு பழைய சுங்க அதிகாரி இருந்தார். லொறியை மூடிய படங்கைத் தூக்கிப் பார்ப்பார், கட்டைப் பென்சிலால் எண்ணுவார், ஈயமுத்திரை சரியா என்று இழுத்துப் பார்ப்பார், போ என்பார். மழை நாளில் எண்ணாமலும் போ என்பார்.

எழுபத்துமூன்று சனவரியில் டென்மார்க் தன் பழைய கூட்டத்தை விட்டு விலகி யேர்மனியின் கூட்டத்துக்குள் வந்தது. வானொலியில் அதே பேச்சு. என் மகன் ரவி படிக்கிற டேனிஷ் பள்ளிக்கூடத்தில் கொடி பிடித்துப் பாட்டுப் பாடினார்கள். வீட்டுக்கு வந்து தாயிடம் டேனிஷில் ஏதோ கேட்டான். கரேன் எனக்கு டொச்சில், அதாவது யேர்மன் பாஷையில், சொன்னாள்: இனி அப்பா எல்லையில் நிற்கத் தேவையில்லையா என்று கேட்கிறான். நான் அவனுக்குத் தமிழில், “நிற்கத்தான் வேணும்” என்றேன். அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். எங்கள் வீட்டில் ஒரு கேள்வி பதிலாகத் திரும்புவதற்கு மூன்று பாஷையைத் தாண்டவேண்டும். அதில் என் பாஷைதான் ஒவ்வொரு முறையும் வாசலிலேயே நின்றுவிடும்.

எல்லையில் லொறியை மறிக்கிற தடைக்கம்பத்தை வெட்டி விறகாக்கிவிடுவார்கள் என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். சுங்கப் பத்திரம் நிரப்புகிற கிளாக்கர்மார் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். நடந்தது வேறு. லோரென்சன் புதிதாக இரண்டு கிளாக்கர்களை வேலைக்கு எடுத்தார்.

ஏனென்றால் வரி ஒரே நாளில் போகவில்லை. படிப்படியாகக் குறைந்தது. அதுவும் டென்மார்க்கில் செய்த சாமானுக்குத்தான். வெளியிலிருந்து வந்து டென்மார்க்கில் இறங்கிய சாமானுக்கு வேறு கணக்கு. வெண்ணெய்க்கும் பன்றியிறைச்சிக்கும் வரி இல்லை என்றார்கள், ஆனால் இரண்டு நாட்டுக் காசின் பெறுமதிக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்கு எல்லையில் ஒரு கட்டணம் என்றார்கள். அது வரி இல்லையா என்று நான் கேட்டேன். இல்லை, அதற்குப் பெயர் வேறு என்று கிளாக்கர் சொன்னார். அன்றைக்கே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

முன்பு அதிகாரி கேட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று. இப்போது கேட்டது, இது எங்கே பிறந்தது என்று. முதல் கேள்விக்குப் படங்கைத் தூக்கிக் காட்டலாம். இரண்டாவதுக்கு எதைத் தூக்கிக் காட்டுவது? பொய்க்கு ஒரு விலை வந்துவிட்டது, ஆகவே எல்லாரும் எல்லாரையும் பொய்யனைப்போலப் பார்க்கத் தொடங்கினார்கள்.

3

சின்னத்துரை அண்ணை எனக்கு ஆறேழு வயது மூத்தவர். எங்கள் வடகரை ஆள். ஊரில் பாய்மர வள்ளத்துக்குத் தண்டையலாக இருந்தவர், அதாவது வள்ளத்துக்குத் தலைவன். கடல் தாண்டி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்வருகிற வள்ளம். என்ன ஏற்றினீர்கள் என்று அவரிடம் நான் கேட்டதில்லை. அந்தக் கரையில் பிறந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. வள்ளம் உடைந்தபிறகு கப்பலேறி, என்னைப்போல ஹம்பேர்க்கில் இறங்கி, யாரோ சொல்லி என்னிடம் வந்தார். லோரென்சனிடம் ஏற்றியிறக்குகிற வேலை வாங்கிக்கொடுத்தேன். லொறியில் எனக்குப் பக்கத்தில் இருந்து வருவார்.

அவர் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மகள் இந்திராவுக்கு நடக்க மட்டும்தான் தெரியும். மனைவி மனோன்மணியையும் பிள்ளையையும் இங்கே எடுப்பதற்கு வெளிநாட்டவருக்கான அரசாங்கக் கந்தோரில் அன்ட்ராக் போட்டிருந்தார். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். இங்கே அது இல்லாமல் மூச்சும் விட ஏலாது. வேலை இருக்கிறதா, வீடு இருக்கிறதா, பொலிசில் பெயர் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலை இருந்தது. இரண்டு அறை வீடு ஒன்றும் எடுத்தார். குடும்பத்துக்கான அறையைத் துடைத்து வைத்துவிட்டுத் தான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தார். யாராவது திடீரென்று பார்க்க வந்தால் அறை ஆயத்தமாக இருக்கவேண்டுமாம். ஒருவரும் வரவில்லை. ஆனாலும் அவர் குசினியை விட்டு எழும்பவில்லை.

அந்த வசந்தத்தில் எல்லைக்கு ஒரு புது அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும். மத்தீசனைப்போல இல்லை. எங்கள் லொறியைத்தான் பார்ப்பார். மற்ற லொறிகளும் நிற்கும், ஆனால் எங்கள் முகம் கண்ணாடியில் தெரிந்ததும் கையை உயர்த்துவார். இருக்கைக்கு அடியில் பார்ப்பார். கருவிப்பெட்டியைக் கவிழ்ப்பார். சின்னத்துரை அண்ணையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கரண்டியால் கிளறுவார். ஒன்றும் கிடைக்காது. அடுத்தமுறை இன்னும் கூட நேரம் தேடுவார்.

எனக்கு அது சாதாரண அவமானம். பழகிவிட்ட விஷயம். அண்ணைக்கு அப்படி இல்லை. அவர் அதைத் தொழில்காரன் கண்ணோடு பார்த்துக்கொண்டு வந்தார். ஒருநாள் திரும்பி வருகிற வழியில், “இவனுக்கு ஒண்டும் கிடைக்குதில்லை தம்பி, அதுதான் வருத்தம்” என்றார். கிடைக்காதது எங்களுக்கு நல்லதுதானே என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“நீ கரையிலை பிறந்தனி எண்டு வெளியிலை சொல்லாதை” என்றார்.

4

அப்படியிருக்க ஒருநாள் வந்தது தும்புக் கால்மிதி லோட். லொறியை நான் ஓட்டினேன், அண்ணை பக்கத்தில். தென்னந்தும்புக் கயிறு இலங்கையிலிருந்து கப்பலில் டென்மார்க்குக்கு வந்து, அங்கே ஒரு சின்னத் தொழிற்சாலையில் கால்மிதியாக நெய்யப்பட்டு, எங்கள் லொறியில் யேர்மனிக்குப் போகிறது. பத்திரம் எல்லாம் ஒழுங்கு. சாமான் டென்மார்க் சாமான் என்று அதில் இருந்தது. ஆனால் சில கட்டுகளில் கயிற்றோடு வந்த பழைய சீட்டுத் தொங்கியது. அதில் சிலோன் என்று கொட்டை எழுத்து.

அந்த அதிகாரி சீட்டைப் பார்த்தார். எங்கள் இரண்டுபேரையும் பார்த்தார். பிறகு முன்பக்கம் வந்து, தெரிவிக்க ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவர் இருக்கைக்குப் பின்னால் மடித்துவைத்த கம்பளியை ஒருமுறைதான் தூக்கினார். அடியில் ஒரு போத்தல் பிராந்தி. உடைக்காத போத்தல். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கத்தையச் சனங்கள் வரியில்லாமல் வெண்ணெயும் சாராயமும் வாங்கப் போகிற கப்பலில் விற்கிற போத்தல், கழுத்தில் அந்த ஒட்டோடு. ஒளித்து வைத்த மாதிரியும் இருந்தது, ஒளிக்காத மாதிரியும் இருந்தது.

நான் திரும்பி அண்ணையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். ஒரு வேலை சரியாக முடிந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் அதிகாரி பிடித்துக்கொண்டார்.

முழு லோட்டையும் இறக்கச் சொன்னார். இன்னும் இரண்டுபேர் வந்தார்கள். கட்டுக் கட்டாக அவிழ்த்தார்கள். தும்புத் தூசி பறந்தது, அவர்கள் தும்மினார்கள். நான் மெதுவாக அண்ணையின் பக்கம் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான்.

“அண்ணை, வேறை ஏதும் இருக்கோ?”

“உன்ரை கண்ணாணை ஒண்டும் இல்லை.”

“அப்ப இதை ஏன் கொண்டந்தனீங்கள்?”

“அவனுக்குத்தான்ரா. தேடுறவனுக்கு ஏதாவது அம்பிடவேணும். அம்பிட்டால் எழுதிப்போட்டு விட்டிடுவான். ஒண்டும் அம்பிடாட்டி ஒருநாள் இல்லாததை எழுதுவான். மனோன்மணியின்ரை அலுவல் முடியுமட்டும் என்னாலை அதுக்கு இடம் குடுக்க ஏலாது.”

டொச்சில் பேசுங்கள் என்று அதிகாரி சத்தம் போட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணை தனக்குத் தெரிந்த நாலு டொச் சொல்லை எடுத்து, நெஞ்சைத் தொட்டு, பிறகு அதிகாரியைக் காட்டிச் சொன்னார்:

“நான் வைத்தது. உங்களுக்கு.”

அதிகாரியின் முகம் சிவந்தது. அரசாங்க உத்தியோகத்தனுக்கு லஞ்சமா என்று கேட்டார். என்னிடம் கேட்டார், அவரிடம் இல்லை.

5

எங்களைச் சுங்கக் கந்தோருக்குள் கூட்டிப்போய் இருத்தினார்கள். வெளியே கால்மிதிகள் குவிந்து கிடந்தன. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவர்களுக்கு இன்னும் பெரிய சந்தேகம். கடைசியில் மத்தீசன் வந்து மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். போத்தலை நடுவில் வைத்தார். இது ஏன் அங்கே இருந்தது என்று அமைதியாகக் கேட்டார்.

எனக்கு முன்னால் இரண்டு பதில். ஒன்று, மறந்துபோய் வைத்துவிட்டார் என்பது. அது பொய், ஆனால் எவரும் நம்புவார்கள். மற்றது உண்மை. அதைச் சொன்னால், இந்த வழக்கம் இவருக்கு எப்படித் தெரியும், இவர் ஊரில் என்ன தொழில் செய்தவர் என்ற கேள்வி தானாக வரும். மொழிபெயர்க்கிறவனுக்கு எப்போதும் ஒரு கஷ்டம், பழி எந்தப் பக்கம் விழுந்தாலும் அவன் வாயால்தான் விழவேண்டும்.

மறந்து வைத்ததாகச் சொல்லட்டோ என்று தமிழில் கேட்டேன். வேண்டாம் என்றார் அண்ணை. லஞ்சம் என்ற சொல் ஏற்கெனவே வெளியில் வந்துவிட்டது, இனி மறதி என்றால் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள் என்றார். “உள்ளதைச் சொல்லு.”

சொன்னேன். எங்கள் கரையில் சுங்கப் படகு வந்து வள்ளத்தில் ஏறினால், மேலே ஒரு சின்னச் சாமான் அவர்கள் கண்ணில் படும்படி இருக்கும். ஒரு சேலை, ஒரு சோப்புப் பெட்டி. கொடுப்பதல்ல அது. அவர்கள் அதைப் பறிமுதல் செய்யவேண்டும், புத்தகத்தில் எழுதவேண்டும். ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால் மேலதிகாரி அவர்களை ஏசுவான், ஏச்சு வாங்கினவன் அடுத்தமுறை வள்ளத்தின் பலகையைக் கழற்றுவான். ஆகவே ஒன்றைக் கண்டுபிடிக்க விடுவது. குற்றமில்லாதவனும் வைப்பான். வெறும் வள்ளம் என்றால்தான் அவர்களுக்குச் சந்தேகம் கூட.

மத்தீசன் போத்தலைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மேசையில் வைத்தார்.

“இங்கே ஒன்றும் கிடைக்காதவன் நேரத்தோடு வீட்டுக்குப் போவான்” என்றார்.

இளம் அதிகாரி பத்திரம் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டதும் மத்தீசன் குரலைத் தணித்தார். போன வருஷம்வரை அப்படித்தான் இருந்தது என்றார். இப்போது மேலிடம் மாதாமாதம் கேட்கிறதாம், சந்தை ஒன்றாகிவிட்டது, இனி இந்த எல்லையில் இத்தனைபேர் எதற்கு என்று. என்ன பிடித்தீர்கள் என்று காட்டவேண்டுமாம். அந்த இளைஞன் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறான், இங்கிருந்து தெற்கே மாற்றிவிட்டால் அது பாதியில் நிற்கும் என்றார். தான் இன்னும் கொஞ்சக் காலத்தில் பென்சனில் போகிறவர், தனக்கு ஒன்றுமில்லை என்றார்.

நான் அதை அண்ணைக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “பாத்தியே, அவனுக்குத் தேவைப்பட்டதுதான்” என்றார். பெருமையாக இல்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

அவர் கணக்கு ஒரு இடத்தில்தான் பிழையாய்ப் போனது. எங்கள் கரையில் போத்தலோடு விஷயம் முடிந்துவிடும். இங்கே போத்தலுக்கு ஒரு சின்னத் தண்டம் எழுதிவிட்டு, பிறகு அதை வைத்த மனிதரைப் பற்றி வெளிநாட்டவர் கந்தோருக்கு எழுதினார்கள்.

கால்மிதிகளின் வழக்கு சில கிழமைகளில் தீர்ந்தது. தும்பு எங்கே விளைந்தாலும் காரியமில்லை, நெய்த இடம்தான் கணக்கு, ஆகவே அவை டென்மார்க் சாமான்தான் என்று முடிவாயிற்று. லோரென்சனுக்கு வரி குறைந்தது. ஆனால் அண்ணையை அதற்குப் பிறகு எல்லைக்கு அனுப்பவில்லை. கொட்டகைக்குள் வைத்துக்கொண்டார். அது அவருடைய நல்ல மனமா, அல்லது வேலையை விட்டுப் போனால் எல்லையில் நடந்ததைப் பற்றி அண்ணை வேறெங்காவது வாய் திறப்பார் என்ற பயமா, நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அந்தத் தீர்ப்பை நான் வீட்டில் ரவிக்குச் சொன்னேன், இந்தமுறை டொச்சிலேயே. கயிறு எங்கள் ஊரிலிருந்து வந்தாலும் கால்மிதி டென்மார்க் பிள்ளையாம் என்று. அது சரிதானே என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

6

வெளிநாட்டவர் கந்தோரில் ஒரு பெண்மணி இருந்தார். நல்ல மரியாதையான மனிசி. ஒவ்வொரு தெர்மினுக்கும், அதாவது அவர்கள் குறித்துத் தருகிற நேரத்துக்கு, நானும் அண்ணையும் சவரம் செய்து போய் இருப்போம். அவர் கோப்பைத் திறப்பார், வாசிப்பார், மூடுவார். இன்னும் முடிவாகவில்லை என்பார். போத்தலைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லது. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

லஞ்சம் என்ற அந்த வசனத்தை மத்தீசன் அறிக்கையில் எழுத விட்டாரா, வெட்டினாரா என்று எனக்குத் தெரியாது. அவரை ஒருநாள் கடைத்தெருவில் கண்டேன். பென்சனில் போய்விட்டார். எப்படிச் சுகம் என்று கேட்டார், கூட்டாளி எப்படி என்று கேட்டார். காத்திருக்கிறார் என்றேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்துவிட்டேன்.

அந்தக் காலம் முழுக்க வரி சொன்னபடி குறைந்துகொண்டே வந்தது. கிளாக்கர்மார் ஒவ்வொரு படிக்கும் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். அண்ணை குசினியிலேயே படுத்தார். ஊரிலிருந்து மனோன்மணி அக்கா என்ன எழுதுகிறார் என்று கேட்டால், பிள்ளை வளர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்வார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் அனுமதி வந்தது. ஏன் இப்போது என்று எவரும் சொல்லவில்லை. ஏன் முன்னமே இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணை அந்தக் கடுதாசியை என்னிடம் தந்து, இதில் எங்கேயாவது ஆனால் என்று வருகிறதா பார் என்றார். பார்த்தேன். வரவில்லை. அப்படியென்றால் இன்னும் பயம் என்றார்.

7

மலிவான விமானம் மாஸ்கோ வழியாகக் கோபன்ஹேகனுக்குத்தான் இருந்தது. அங்கே ஒரு கப்பல்காரக் கூட்டாளி தாயையும் பிள்ளையையும் ரயிலில் ஏற்றிவிட்டார். நாங்கள் இரண்டுபேரும் எல்லை ஸ்டேசனுக்குப் போய் நின்றோம். ஸ்டேசன் டென்மார்க் மண்ணில், ஆனால் யேர்மன் அதிகாரிகளும் அங்கேயே நின்று பார்ப்பார்கள். கொட்டகையிலிருந்து நேரே போனபடியால் இரண்டுபேரும் ஒரே நீலச் சட்டையில்தான் நின்றோம்.

ரயில் மெதுவாக வந்து நின்றது. மனோன்மணி அக்கா ஜன்னலோடு ஒட்டி நின்று பிள்ளைக்கு எங்கள் பக்கம் கைகாட்டினார். இறங்கினார்கள். இரண்டு பெட்டி, துணியில் வைத்துத் தைத்த ஒரு பொதி. பொதியிலிருந்து மிளகாய்த்தூள் வாசம் எனக்கே மூக்கில் ஏறியது. இனி இதை அவிழ்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சுங்கக்காரர் பொதியைப் பார்க்கக்கூட இல்லை. கையால் போ என்று காட்டினார். வரி குறைந்ததன் புண்ணியம் அதுவென்று அந்தக் கணம் நானும் நம்பினேன்.

அடுத்த மேசையில் கடவுச்சீட்டுக்காரர். அவர்தான் நிறுத்தினார். தாயின் படத்தைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அண்ணையின் பத்திரங்களை வாங்கி வைத்துக்கொண்டார். வேறு ஆட்களின் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளை என்று சொல்லிக் கொண்டுவருகிறார்களாம், தனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். பிறகு தாய் வாய் திறக்கக்கூடாது என்று கையை உயர்த்திவிட்டு, பிள்ளையிடம் கேட்கச் சொன்னார்: இந்த இரண்டுபேரில் அப்பா யார்?

கேட்டேன்.

இந்திரா எங்களைப் பார்த்தாள். என் முகத்தை, அவர் முகத்தை, சப்பாத்துகளை, மறுபடி முகங்களை. அண்ணை கையிரண்டையும் பக்கத்தில் வைத்து நிமிர்ந்து நின்றார். ஊருக்கு அவர் அனுப்பிய படத்தில் தலை நிறைய மயிர் இருந்தது. இப்போது முன்பக்கம் முழுக்க வெளி. பேசவும் ஏலாது, சிரிக்கவும் பயம். பிள்ளை அவரைப் பார்த்த பார்வையில் பாசமும் இல்லை, பயமும் இல்லை. சரியா பிழையா என்று பார்த்தாள். அவ்வளவுதான்.

கடைசியில் விரலை நீட்டி அவரைக் காட்டினாள்.

“இவரைத்தான் அப்பா எண்டு சொல்லச் சொல்லி அம்மா சொன்னவா.”

மனோன்மணி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கடவுச்சீட்டுக்காரர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

“இவர்தான் அப்பா என்கிறாள்” என்றேன்.

குத்தினார். இரண்டு கடவுச்சீட்டிலும் குத்தினார்.

சின்னத்துரை அண்ணைக்கு அதற்குள் டொச் நன்றாக விளங்கும். பிள்ளை சொன்னதும் விளங்கியது, நான் சொன்னதும் விளங்கியது. இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பிள்ளை தாயின் கையை விடாமல், நாலடி தள்ளி, அவர் முதுகைப் பார்த்தபடி நடந்தாள்.